துயரும் பழியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்களைப் பற்றியோ துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ நாம் எழுதுவோமென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்கறிந்தோர் பலர் உளர். நாமோ ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். சைவமும் தமிழும் வளர்த்த கல்லூரியின் மலரிலே இதற்கு என்ன இடம் என்று வினவும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்வார்களாக. கல்லூரியிலே பாரதம் படித்த காலத்து எம் நெஞ்சில் விழுந்த வினா ஒன்று, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்தபின், ரொறன்ரோ நகரிலுள்ள எம் மகன் வீட்டுக் கூடத்திலே மீண்டும் எழுந்தது. அதுவே இதனை எழுதுதற்குக் காரணம்.

நாடகத்தின் பெயர் 'தி லாஸ்ற் ஒஃப் அஸ்' என்பது. 'எம்மில் எஞ்சியோர்' என்று அதனைத் தமிழாக்கலாம். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்தது இது. அவ்விளையாட்டை ஆக்கியோருள் ஒருவரான நீல் ட்ரக்மனும், 'செர்னோபில்' தொடரை எழுதிய கிரெய்க் மேசினும் சேர்ந்து இதனைத் தொலைக்காட்சிக்கு அமைத்தனர். எச்.பி.ஓ. நிறுவனம் முதற் பருவத்தை 2023இல் ஒன்பது பகுதிகளாகவும், இரண்டாம் பருவத்தை 2025இல் ஏழு பகுதிகளாகவும் ஒளிபரப்பிற்று.

கதை இதுவே. 2003ஆம் ஆண்டிலே ஒருவகைப் பங்கசு மனிதருடைய மூளையைப் பற்றி, அவர்களைக் கடித்துக் குதறும் பிராணிகளாக்கிவிடுகின்றது. உலகம் அழிகின்றது. ஜோயல் என்னும் தச்சன், அன்றிரவே தன் மகளை ஒரு போர்வீரனின் துப்பாக்கிக்குப் பறிகொடுக்கிறான். இருபதாண்டு கழித்து, நோய் தொற்றாத உடலுடைய எல்லி என்னும் பதினான்கு வயதுப் பெண்ணை நாடு கடந்து அழைத்துச் செல்லும் பணி அவன்பால் வருகின்றது. வழியிலே அவள் அவனுக்கு மகளாகிவிடுகிறாள். சோல்ற் லேக் சிற்றி வைத்தியசாலையிலே, அவளுடைய மூளையை அறுத்தெடுத்தாலே மருந்து கிடைக்கும் என்கின்றனர். ஜோயல் அங்கிருந்த காவலரையும் சத்திர வைத்தியரையும் சுட்டுக் கொன்று, மயங்கிக் கிடந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். அவள் விழித்தபின் நடந்ததை மறைத்துப் பொய் கூறுகிறான். அந்த வைத்தியருக்கும் ஒரு மகள் இருந்தாள். அவள் பெயர் அபி.

இத்தொடர் ஞாயிறு இரவுகளில் வந்தது. எம் மகன், மருமகள், பேரன், பேத்தி ஆகியோருடன், கல்லூரியிலே எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவரும் பார்க்க வருவார். 2025ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆந் திகதி இரண்டாம் பருவத்தின் இரண்டாவது பகுதி வந்தது. பனிப்புயலிலே நோயுற்றோர் கூட்டத்தினின்று அபியை ஜோயல் காப்பாற்றுகிறான். காப்பாற்றியவன் பெயரை அறிந்த அபி, அவனை ஒரு மாளிகைக்கு அழைத்துச் சென்று, எல்லியின் கண்முன்னே அடித்துக் கொல்கிறாள். பகுதி முடிந்தபின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பேத்தி எழுந்து மாடிக்குச் சென்றுவிட்டாள். பேரன் மட்டும் அசையாதிருந்தான். 2020இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டை ஆடியவன் ஆதலின், நிகழப்போவதை அவன் முன்னமே அறிந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வழமைக்கு முன்னரே கூடிவிட்டனர். விவாதம் தொடங்கிற்று. "அபியைத் தேடிப் போவதே எல்லியின் கடமை" என்றாள் பேத்தி. நண்பர் அதனை ஆதரித்தார். "அரசும் நீதிமன்றமும் உள்ள நாட்டிலே பழி தீர்ப்பது குற்றம். இரண்டும் இல்லாத இடத்திலே அஃதொன்றுதானே நீதி?" என்பது அவர் கட்சி. அன்றைய பகுதி அவருக்கு ஒருவாறு விடை கூறிற்று. எல்லி வாழும் ஜக்சன் என்னும் ஊரிலே ஒரு சபை உண்டு. கொலைஞரைத் தேடி ஆட்களை அனுப்பவேண்டுமென்று எல்லி அச்சபையின் முன் எழுதி வைத்து வாசிக்கிறாள். பழிக்காக அன்று, நீதிக்காகவே கேட்கிறேன் என்பது அவள் வாதம். அரணுடைந்து, பலரைப் பறிகொடுத்து நிற்கும் ஊர் அதனை மறுத்துவிடுகின்றது. எட்டுப் பேர் எதிராகவும் மூவர் சார்பாகவும் வாக்களிக்கின்றனர். ஆயினும் எல்லி தன் தோழி டீனாவுடன் இரவோடிரவாகச் சியாற்றிலுக்குப் புறப்படுகிறாள். "சபை இருந்தது, வாக்கெடுப்பும் இருந்தது. அவளுக்கு வேண்டியது நீதியன்று" என்றார் எம் மருமகள்.

இவ்விடத்திலே பேரன் கூறிய செய்தி எம்மைத் திடுக்கிடச் செய்தது. 2020இல் விளையாட்டு வெளிவந்தபோது, அபிக்குக் குரல் கொடுத்த நடிகை லோறா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் பல வந்தனவாம். தொலைக்காட்சியில் அபியாக நடித்தவர் கைற்லின் டெவர். அவர் தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துச் சில வாரங்களே கழிந்த நிலையில் படப்பிடிப்புக்கு வந்தவர். கற்பனைத் தந்தை ஒருவனுக்காக, உண்மையிலே துயருற்றிருக்கும் பெண்களை வெறுப்பதற்கும் மனிதர் ஆயத்தமாயிருக்கின்றனர் என்பது இதனாற் புலனாகின்றது.

இதற்குக் காரணம் என்ன? கதை எங்கே தொடங்கிற்று என்பதே என்று நாம் கருதுகின்றோம். ஜோயலின் மகள் இறந்த இரவிலே கதை தொடங்கியமையால் நாம் அவன் வீட்டாரானோம். மாறாக, நோய்க்கு மருந்து தேடும் ஒரு வைத்தியர், அவருடைய மகள், ஒருநாள் வைத்தியசாலைக்குள் புகுந்து அவரைச் சுட்ட ஓர் அந்நியன் என்று தொடங்கியிருப்பின், ஜோயல் இறந்த இரவிலே எம் பேத்தி மாடிக்குச் சென்றிருக்கமாட்டாள். எல்லி கேட்ட அதே நீதியைத்தான் அபி ஐந்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதனை உணர்த்தும் பொருட்டே அந்த விளையாட்டு, ஆடுபவனை ஏறக்குறையப் பாதிக் கதைக்கு அபியாகவே நடமாடச் செய்கின்றது. "முதலில் கையிலிருந்ததை எறிந்துவிட நினைத்தேன். பிறகு அவளுக்குக் காயம் படக்கூடாதென்று பயந்து பயந்து விளையாடினேன்" என்றான் பேரன்.

இதைக் கேட்டபொழுதே எமக்குக் கல்லூரி வகுப்பறை நினைவுக்கு வந்தது. வில்லிபாரதத்தின் பத்தாவதும் இறுதியுமான சௌப்திக பருவத்தை ஆசிரியர் சொல்லிவந்த நாள் அது. இரவிலே பாசறையுட் புகுந்து, உறங்குவோரைக் கொன்ற அசுவத்தாமனை மாணவர் அனைவரும் ஏசினோம். ஆசிரியர் எம்மை அடக்கி, "இவன் தகப்பனை எப்படிக் கொன்றார்கள் என்பதை மறந்துவிட்டீர்களோ?" என்று கேட்டார். மகன் இறந்தான் என்னும் அரைப் பொய்யைக் கேட்டு ஆயுதத்தைக் கைவிட்டிருந்த துரோணரையன்றோ வெட்டினர்? நாம் பாண்டவர் பாசறையிலிருந்து கதை கேட்டவர்கள். அதனால் ஒரு பிரேதம் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் எமக்குத் தோன்றிற்று.

அசுவத்தாமனுடைய பழி அவ்விரவோடு நிற்கவில்லை; உத்தரையின் கருவிலிருந்த சிசுவின்மேலும் அம்பாய்ப் பாய்ந்தது. எல்லியின் பழியும் அவ்வழியே சென்றது. சியாற்றிலிலே நோரா என்பவளை வதைத்து அபியின் இருப்பிடத்தை அறிகிறாள். அங்கே ஓவன் என்பவனைச் சுட்ட குண்டு, அவன் பின்னே நின்ற மெல் என்னும் பெண்ணையும் தாக்குகின்றது. மெல் நிறைமாதக் கர்ப்பிணி. அசுவத்தாமன் அறிந்து செய்தான், எல்லி அறியாது செய்தாள். இவ்வேற்றுமை பெரிதே. ஆயினும் அத்தாயின் அருகே செயலற்றிருந்த எல்லியின் முகத்தைக் கண்டபோது, கடமை என்று வாதாடிய எம் பேத்தி தலை குனிந்தாள்.

முதற் பருவத்திலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. கன்சாஸ் சிற்றியிலே கத்லீன் என்பவள், தன் தமையனைக் காட்டிக்கொடுத்த ஹென்றியை வேட்டையாடுகிறாள். ஹென்றி காட்டிக்கொடுத்ததோ, புற்றுநோயுற்ற தன் தம்பிக்கு மருந்து பெறுதற்காக. மன்னித்துவிடு என்று தமையனே கூறியிருந்தும் அவள் கேட்கவில்லை. காலின் கீழே நிலம் அசைவதைக் கண்டும் பாராமுகமாயிருக்கிறாள். இறுதியில் அந்நிலம் பிளந்து வெளிப்பட்ட நோயுற்றோர் கூட்டமே அவளையும் அவள் படையையும் விழுங்கிற்று.

இக்கதையிலே எம் மனத்தைக் கவர்ந்த பாத்திரம் இவர்களுள் ஒருவரல்லர். ஜக்சனிலே உளவளத்துணையாளராய் இருக்கும் கெயில் என்னும் முதியவளே அவர். நோய் தொற்றிய அவருடைய கணவனை ஜோயல் சுட்டுக் கொன்றிருந்தான். ஒரு நாள், ஆலோசனைக்கு வந்திருந்த ஜோயலின் முகத்துக்கு நேரே அவர் அதனைக் கூறிவிடுகிறார். வேறு வழி இருந்திராது என்பதை அறிவேன், ஆயினும் உன்னை வெறுக்கிறேன், மன்னிக்க இயலவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். அதன் பின்னும் அவர் அதே ஊரில் அவனோடு வாழ்கிறார். எல்லியோ அதே கெயிலின் முன் அமர்ந்து, தான் நலமாயிருப்பதாகச் சாமர்த்தியமாகப் பேசி வெளியேறுகிறாள். சொல்லப்பட்ட வெறுப்பு சொல்லோடு நின்றது. மறைக்கப்பட்ட துயர் சியாற்றில் வரை சென்றது.

ஜோயலின் தம்பி டொமி, பிரேத அறையிலே தமையனின் உடலைத் துணியாலே துடைக்கும் காட்சி ஒன்றுண்டு. அதன்போது எம் மகன் எம் பக்கம் திரும்பிப் பார்த்தான். காரணம் வீட்டிலுள்ள யாவரும் அறிவர். 1988ஆம் ஆண்டில் ஒரு காலை, சைக்கிளிலே வேலைக்குப் புறப்பட்ட எம் தம்பி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது, உடல் வரவில்லை. குளிப்பாட்ட உடலின்றி, தருப்பையாலே உருச் செய்து கிரியைகளை நடத்தினோம்.

"செய்தவர்களின் பெயர் தெரிந்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்களோ, அப்பப்பா?" என்று பேரன் அன்றிரவு கேட்டான். அதற்கு நாம் விடை கூறவில்லை. எம் அன்னையார் செய்ததைக் கூறினோம். அந்தியேட்டி கழிந்த சில நாளில், தம்பியின் நண்பர் இருவர் வந்து, செய்தவன் பெயர் தமக்குத் தெரியும் என்றனர். மூலையிலே பாயிற் கிடந்த அன்னையார் எழுந்து வந்தார். "அந்தப் பேரை இந்த வீட்டிலை சொல்லாதேயுங்கோ. நான் பொறுத்துப்போட்டன் எண்டு நினையாதேயுங்கோ. அவனைப் பெத்தவளும் இப்பிடிப் பாயிலை கிடக்கவேண்டாம்" என்றார். பின் அவர்களை இருத்தி, தேநீர் கொடுத்து, "என்ரை பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அவன் பாடசாலையிலே செய்த குறும்பு, சைக்கிளை இரவல் கொடுத்துவிட்டு நடந்து வந்த கதை, எமக்கே தெரியாத எத்தனையோ செய்திகளை அவர்கள் சொன்னார்கள். விளக்கு வைத்த பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்னையார் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். அப்பெயரை அவர் இறக்கும்வரை கேட்கவில்லை, நாமும் அறியோம்.

அசுவத்தாமனைக் கட்டி இழுத்துவந்தபோது, என்னைப்போல இவன் தாயும் அழவேண்டாம் என்று திரௌபதி விடுவிக்கச் சொன்னதாகப் பாகவதம் கூறும். அன்னையார் பாகவதம் படித்தவரல்லர். ஐந்து மக்களையும் ஒரே இரவிலே இழந்த ஒருத்தி அவ்வாறு சொல்லக்கூடுமோ என்று வகுப்பறையிலே நாம் ஐயுற்றதுண்டு. அதுவே நாம் முன்னர்க் குறித்த வினா. அதற்கு விடையை நாம் எம் வீட்டுத் திண்ணையிலே கண்டோம்.

துயருற்றவனிடம் மன்னித்துவிடு என்று சொல்வது எளிது, அஃது அவன் செவியில் ஏறாது. பழி வாங்கு என்று சொல்வது அதனினும் எளிது. இரண்டையும் விடுத்து, இறந்தவனைப் பற்றிச் சொல் என்று கேட்டு அருகிலே இருப்பதுதான் கடினம். செத்தவீட்டிலே எட்டு நாளும் முப்பத்தொரு நாளும் அயலார் வந்திருக்கும் எம்மூர் வழக்கத்தை வெறுஞ் சடங்கென்று இகழ்வோர் உளர். ஜக்சன் ஊர் எல்லியின் கோரிக்கையை மறுத்தது சரியே. ஆனால் மறுத்த பின்னர் அவள் கதவைத் தட்டி, ஜோயலைப் பற்றிச் சொல் என்று கேட்டு இருந்தவர் எத்தனை பேர்? புறப்படுமுன் தனியே அவன் புதைகுழிக்குச் சென்று, அவன் விரும்பிய கோப்பிக் கொட்டைகளில் ஒரு பிடியை வைத்துவிட்டு அவள் போகிறாள். அவள் சொல்ல விரும்பியது அப்பிடிக்குள்ளே இருந்தது.

எமது கல்லூரியிலே படித்த எத்தனையோ பிள்ளைகளைப் போர்க்காலம் கொண்டுபோயிற்று. அவர்கள் வீடுகளிலே இன்றும் எவரேனும் இருப்பர். விழாவுக்காக ஊர் திரும்பும் பழைய மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதையாவது ஒதுக்கி, அவ்வீடுகளின் திண்ணையிற் சென்றமர்ந்து, "உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பார்களாக.