எழுந்திருக்கத் தெரிந்த நாற்காலி

சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகிற வழியில், கொள்ளிடம் ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தைக்கால். சாலையோரக் கடைகளில் பிரம்பு ஊஞ்சலும் மோடாவும் சாய்வு நாற்காலியுமாகக் குவிந்திருக்கும். காரை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு ஓர் ஊஞ்சல் வாங்கத்தான் நிறுத்துவார்கள். நான் போனது சென்னை அலுவலகம் ஒன்றின் வரவேற்பறைக்கும், ஊழியர்கள் டீயும் கையுமாக வந்து உட்காரும் மூலைக்கும் இருக்கைகள் பார்க்க. வடிவமைப்பாளர் ஒரு படம் கொடுத்திருந்தார். நல்ல அகலம், தரையிலிருந்து 14 அங்குல உயரம், வெள்ளை மெத்தை.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. படத்தை வாங்கிப் பார்த்த பெரியவர் விலை பேசவில்லை.

"இதுல யாரு சார் ஒக்காருவாங்க?"

"ஆபீசைப் பார்க்க வர்றவங்க."

"வயசானவங்களும் வருவாங்கல்ல? இதுல ஒக்காந்துடலாம். உள்ள கூப்பிட்டா எந்திரிக்க முடியாது."

வரவேற்பறை நாற்காலியை உட்கார்ந்து பார்த்து வாங்குவதுதான் வழக்கம். இவர் எழுந்து பார்க்கச் சொன்னார். கடையில் இருந்த தாழ்வான சோபாவில் உட்கார வைத்து, கையில் ஒரு பையையும் கொடுத்து எழச் சொன்னார். முன்னால் சாய்ந்து, ஒரு கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. உயரத்தை 17 அங்குலமாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைப்பதென்று முடிவானது. போனில் வடிவமைப்பாளர் "லுக் போயிடுமே" என்றார். போகட்டும்.

பிரம்பு ஒரு கொடிப்பனை. தைக்காலுக்கு அசாமிலிருந்து வருகிறது. மூங்கில் போல உள்ளே பொந்து கிடையாது, முழுக்கக் கெட்டி. அதனால்தான் உடையாமல் வளைகிறது, ஆணியையும் தாங்குகிறது. ஓர் இளைஞர் கேஸ் சுடரை அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் காட்டினால் கருகிவிடும். பதம் வந்ததும் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையில் கொடுத்து மெல்ல அழுத்தினார். வளைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் விட்டால் திரும்ப நிமிர்ந்துகொள்ளுமாம். நேராக வந்த கம்பு அவர் பிடியிலேயே நாற்காலிக் கையானது.

பக்கத்தில் இன்னொருவர் மூட்டுகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆணி அடித்த இடத்தின்மேல், பிளந்த பிரம்புப் பட்டையை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். பட்டை தண்ணீரில் ஊறியிருக்கும். காயக் காயச் சுருங்கி இறுகும். வாங்குகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். சுற்றில் இடைவெளி இருந்தால், பட்டையின் முனை பிதுங்கி நின்றால், கொஞ்ச நாளிலேயே 'கிரீச்' என்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். மேலே அடிக்கிற வார்னிஷ் பளபளப்பு இதைச் சொல்லாது.

பகல் முழுக்க ஏசி ஓடும் அறையில் பிரம்பு வறண்டுபோகும். அவ்வப்போது அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றார் பெரியவர். ஆனால் மொட்டை மாடிக்கோ திறந்த முற்றத்துக்கோ என்றால் நானே பிளாஸ்டிக் பின்னல் நாற்காலியைத்தான் சொல்வேன். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நல்ல பிரம்பும் வெடிக்கும். கைவினை என்பதற்காக அதைப் பாழாக்க வேண்டியதில்லை.

மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம், கழற்றித் துவைக்க ஜிப் வைத்த உறை. வெள்ளை வேண்டாமென்று நானே மாற்றிவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கிற ஊரில் வெள்ளை உறை எத்தனை நாள் தாங்கும்?

டீ குடிக்கும் மூலைக்குப் படத்தில் இருந்தது கனமான 'எல்' வடிவ சோபா. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் மூன்றாவது ஆள் நடுவில் புகமாட்டார், நின்றே டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். மோடா என்றால் ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், நாலு பேர் சேர்ந்தால் வட்டம் தானாக அமையும். அடியில் ரப்பர் வளையம் மட்டும் வைக்கச் சொன்னேன், தரையில் கோடு விழாமலிருக்க.

பேரம் கடைசியில் லாரி வாடகையில் வந்து நின்றது. பிரம்புச் சாமானை மடக்கி அடுக்க முடியாது, எடை குறைவு, இடம் அதிகம், லாரி வாடகையோ இடத்துக்குத்தான். நாற்காலிக் கால்களுக்கு நடுவே மோடாவைச் செருகினால் ஒரே வண்டியில் போய்விடும் என்று பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பணம் கொடுத்தேன்.