நான் வரைந்த தகன மேடை

கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் பிறந்தவன் நான். எங்கள் சிற்றூரில் சாவு விழுந்தால் பங்காளிகளே மண்வெட்டியோடு வந்து குழி வெட்டுவார்கள். அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. அதை இழிவாக நினைத்தவரையும் நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் வளர்ந்த நான், கீழ்நாட்டில் கட்டடப் பொறியாளராகி, ஒரு பேரூருக்கு எரிவாயு தகன மேடை வரைந்து கொடுத்தேன்.

சுடுகாட்டு வேலை என்றதும் முகம் சுளித்தேன். இடத்தைப் பார்க்கக்கூடப் போகாமல், அளவெடுக்க உதவியாளரை அனுப்பினேன். உலை, புகைபோக்கி, தகரக் கூரை, இரும்புக் கதவு. இவ்வளவுதான் என் வரைபடம். நிதி குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு திண்ணைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பெரிய நிதி தேவையில்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கட்டடக்கலை வரலாறு எனக்குப் பிடித்த பாடம். இங்கிலாந்தின் முதல் தகன நிலையம் வோக்கிங்கில் எழுந்த கதை எனக்குத் தெரியும். 1879இல் அங்கே இருந்தது வெறும் உலைதான். இத்தாலியர் பாவ்லோ கொரினி வடிவமைத்தது. முதலில் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தார்கள். ஊரார் எதிர்த்ததால் அப்படியே கிடந்தது. பிணத்தை எரிப்பது குற்றமல்ல என்று 1884இல் நீதிமன்றம் சொன்ன பிறகு, 1885 மார்ச்சில்தான் முதல் மனித உடல் அங்கே எரிந்தது. உடன் வருகிறவர்களுக்கு உலை மட்டும் போதாது என்று கண்டு, பணம் திரட்டி வழிபாட்டுக் கூடமும் காத்திருப்பு அறைகளும் சேர்த்தார்கள்.

லண்டனில் 1902இல் திறந்த கோல்டர்ஸ் கிரீன் இன்னும் ஒரு படி மேல். எர்னஸ்ட் ஜார்ஜும் ஆல்பிரட் யேட்ஸும் வடஇத்தாலிய லொம்பார்டிப் பாணியில் செங்கல்லால் கட்டினார்கள். புகைபோக்கி துக்கத்தில் வருகிறவர் கண்ணை உறுத்தாதபடி அதை ஒரு கோபுரத்துக்குள் மறைத்தார்கள். வளைவுகள் கொண்ட நீண்ட நடை மண்டபம், எதிரே தோட்டம். சடங்கு முடிந்தவர்கள் மழையில் நனையாமல் மெல்ல நடந்து போகலாம். அழுகிறவருக்கு ஒரு கட்டடம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன். இதையெல்லாம் படித்துத் தேர்வில் எழுதிய கைதான் அந்தத் தகரக் கொட்டகையை வரைந்தது.

பின்னால் நண்பருடைய தந்தையின் உடலோடு அங்கேயே போக நேர்ந்தது. நல்ல மழை. பெண்கள் வேனுக்குள் ஒடுங்கியிருந்தார்கள், நாங்கள் நனைந்தோம். அங்கே வேலை செய்கிறவர் உலைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைக் காட்டி, "கை கழுவ ஒரு கொழா வெச்சிருக்கலாமுங்க," என்றார். வரைந்தவன் நான்தான் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இடத்தைப் பார்க்கப் போகாததைவிட, அந்த வாயடைப்புதான் என் பெரிய குற்றம். பங்காளிகள் தோளில் மண்வெட்டியோடு வந்த ஊர்க்காரன், அந்த வேலையைச் செய்கிறவரை வரைபடத்தில் ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

தகன மேடை வரையப்போகும் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு சாவு நடக்கும் நாளில் அங்கே போய் நில்லுங்கள். வேலை செய்கிறவருக்குக் குளியலறையும், உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் முதலில் வரையுங்கள். உலையை அதன் பிறகு வரையலாம்.