ஐ.பி.எல்.லுக்கு முன்னால் ஒரு சென்னை அணி

நம் ஊர்ப் பெயரில் அணி என்பது ஐ.பி.எல். கொண்டுவந்தது என்று என் பேரன் நினைக்கிறான். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2005-இல், பிரீமியர் ஹாக்கி லீக்கில் 'சென்னை வீரன்ஸ்' ஆடியது. திருவண்ணாமலையில் டி.வி.யில்தான் பார்த்தோம்.

அதுவரை ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைத்தால்தான் ஹாக்கி வீரனுக்குச் சோறு. ஆட்டத்துக்கே சம்பளம் என்பது புதுசு. இரண்டு பாதிக்குப் பதில் நான்கு பகுதியாக ஆடினார்கள். சர்வதேச சம்மேளனம் அந்த வழிக்கு வந்தது 2014-இல்தான்!

முதல் கோப்பை ஹைதராபாத் சுல்தான்ஸுக்குப் போனது. நான்கே சீசன்தான், 2008-இல் லீக் நின்றது. ஐ.பி.எல். பிறந்ததும் அதே வருஷம்.

2024 கடைசியில் 'தமிழ்நாடு டிராகன்ஸ்' களம் இறங்கியபோது பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீரன்ஸ் கதையைச் சொன்னேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.