கண்டன்சரில் தேங்குவது எது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் எலக்ட்ரீஷியன்கள் அதைக் 'கண்டன்சர்' என்கிறார்கள். பாடநூல் 'மின்தேக்கி' என்கிறது. முதல் பெயரின் மூலத்தைத் தேடினால் 1782-இல் வோல்டாவிடம் போய் நிற்கிறோம். மின்சாரத்தைச் செறிவாக்கும் கருவி என்று நினைத்து அவர் வைத்த பெயர் அது. 'தேக்கி' என்றதும் திருவள்ளூர்க்காரர்களுக்குப் பூண்டி ஏரி நினைவுக்கு வரும். ஆனால் உள்ளே இருப்பது நடுவில் மின்கடத்தாப் பொருள் வைத்த இரண்டு தகடுகள். ஒன்றில் எத்தனை எலக்ட்ரான் ஏறுகிறதோ, அத்தனையும் மற்றொன்றிலிருந்து இறங்கிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். அப்படியானால் தேங்குவது ஆற்றல்தான். அது எங்கே தேங்குகிறது என்பதுதான் என் தேடல்.

1745-இல் கிளைஸ்ட், அடுத்த ஆண்டு லைடன் நகரத்து முஷன்புரூக் என இருவரும் தனித்தனியே கண்ட, கண்டன்சரின் முன்னோடியான லைடன் ஜாடியில், உள்ளே ஊற்றிய தண்ணீரில்தான் மின்சாரம் இருப்பதாக எண்ணினார்கள். பிராங்ளின் அந்தத் தண்ணீரை வேறு குடுவைக்கு மாற்றினார். அதில் ஷாக் இல்லை. பழைய ஜாடியில் புதுத் தண்ணீர் ஊற்றியதும் ஷாக் அடித்தது. கண்ணாடிதான் காரணம் என்று முடிவு கட்டினார். இதற்கு வலுவான மறுப்பு உண்டு. பாகம் பாகமாகப் பிரித்தெடுக்கும் ஜாடியில் மின்னூட்டம் கண்ணாடி மேற்பரப்பின் ஈரப்பசையில் ஒட்டிக்கொள்கிறது என்று 1922-இல் ஆடன்புரூக் காட்டினார். ஆனாலும் பிராங்ளின் சொன்னது முழுத் தவறாகிவிடவில்லை. நடுவிலுள்ள பொருளை மாற்றினால் கொள்ளளவும் மாறும் என்பதை ஃபாரடே 1837-இல் நிறுவியிருந்தார். நடுவே வெற்றிடமே இருந்தாலும் கண்டன்சர் வேலை செய்கிறது. ஆகவே ஆற்றல் இருக்கும் இடம், தகடுகளுக்கு நடுவிலுள்ள மின்புலம். நல்ல மின்கடத்தாப் பொருள், அதே வோல்டேஜில் கூடுதல் ஆற்றலுக்கு இடம் தருகிறது.

அந்த ஆற்றல் எவ்வளவு? நம் வீட்டு ஃபேன் கண்டன்சரில் உலோகப் பூச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கிறது. 2.5 மைக்ரோஃபாரட், 230 வோல்ட் என்றால் உச்சத்தில் சுமார் 0.13 ஜூல், ஒரு கிலோ அரிசியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே தூக்கத்தான் போதும். இவ்வளவு கொஞ்சம் பிடிக்கிற பொருளை ஆலைகள் ஏன் வரிசை வரிசையாக அடுக்குகின்றன? கைமாற்றுக்காக. ரோலிங் மில் மோட்டாரின் காயில், காந்தப்புலத்துக்காக ஆற்றலை வாங்கி, அடுத்த கணமே திருப்பித் தருகிறது. நொடிக்கு 100 முறை. பக்கத்தில் கண்டன்சர் இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அங்கேயே முடிகிறது. இல்லாவிட்டால் மின்வாரியக் கம்பிகள் வழியே போய்வந்து, கம்பியைச் சூடாக்கி வீணாகிறது. உயர் அழுத்த இணைப்பில் பவர் ஃபாக்டர், அதாவது இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.90-க்குக் கீழே போனால் அபராதம் விதிப்பது இதனால்தான். வீட்டில் செருகினால் பில் குறையும் என்று விற்கிற பெட்டிகளை இதை வைத்து நம்பிவிட வேண்டாம். வீட்டு பில் யூனிட் கணக்கில் மட்டுமே வருகிறது.

மெயினை அணைத்த கணத்தில் வோல்டேஜ் உச்சத்தில் இருந்திருந்தால், வாங்கிய கைமாற்று முழுவதும் கண்டன்சருக்குள்ளேயே நின்றுவிடும். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அதை வடிக்கச் சில நிமிடம் ஆகலாம். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் டெர்மினலில் கை வைக்காதீர்கள்.