பாலைப்பழக் காலத்தில் இரண்டு இரவு

ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு எங்கே காணாமல் போனீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நுவரெலியாவும் இல்லை, கொழும்பும் இல்லை. முசலியில் காட்டோரம் ஒரு வாடியில் இருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் சாரன், டோர்ச், தண்ணீர்ப் போத்தல், உம்மா கட்டித் தந்த தொதல். அவ்வளவுதான்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர். மற்றவர் அவருடைய கம்பஸ் கூட்டாளி, கண்டிப் பக்கம், பறவைகளைப் படம் பிடிப்பவர். மன்னார் என்றால் பூநாரை என்று நினைத்துக்கொண்டு முழங்கை நீள லென்ஸோடு வந்திறங்கினார். ஜூன் மாதத்தில்! வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமானது உண்மைதான். ஆனால் வலசைப் பறவைகளின் கூட்டத்தைப் பார்க்க ஒக்டோபர் முதல் மார்ச் வரைக்குள் வரவேண்டும். பஸ் ஜன்னலால் அவர் பார்த்தது வெயிலும் கழுதைகளும்தான்.

சிலாவத்துறை, கொண்டச்சி தாண்டி இறங்கி நடந்தோம். வாடி என்றால் நாலு காட்டுக்கம்பு, கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய தரை. கரண்ட் இல்லை. குளிப்பு கிணற்றடியில். சோறும் கருவாட்டுக் குழம்பும் சம்பலும். வாடிக்கார நானாவுக்கு அறுபதுக்கு மேல். எங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "சுபஹுக்கு ஒளுச் செய்யப் போறதெண்டாலும் தனியப் போகவேணாம். என்னை எழுப்புங்க."

முதல் இரவு யானை. நாங்கள் காணவில்லை, கேட்டோம். கொப்பு முறியும் சத்தம், நாய்க் குரைப்பு, தூரத்தில் யானை வெடி. ஆள்காட்டி விடியும்வரை கத்திக்கொண்டே இருந்தது. காலையில் மான்கூட்டம், மயில், காட்டுக்கோழி. கண்டிக்காரரின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரண்டாம் நாள் அஸர் தொழுது முடிய நானா எங்களை வேலியோரம் கூட்டிப்போய் உட்காரவைத்தார். பேசக்கூடாது, இருமக்கூடாது. வேலிக்கு அப்பால் எல்லைக்கல். அதற்கும் அப்பால் ஒரு பழைய கட்டுக்கிணறு, பக்கத்தில் பெரிய பாலைமரம். பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. அரை மணித்தியாலம் இருக்கும். கறுப்பாக ஒன்று பற்றைக்குள்ளால் வந்தது. கரடி! பழத்தை உறிஞ்சும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு மரத்தில் ஏறியது. அந்த உடம்போடு எப்படித்தான் ஏறுகிறதோ! நான் மூச்சு விட்டேனா என்பதே நினைவில்லை. (எங்கள் மூத்தவர்கள் ஊருக்குக் கரடிக்குளி என்றும் பாலைக்குழி என்றும் பெயர் வைத்தது சும்மாவா?)

கரடி போன பிறகு கண்டிக்காரர் சொன்னார்: "இப்படிக் காட்டைத்தானே சேர் வெட்டிட்டாங்க எண்டு டீவில காட்டினாங்க."

நானா கோபப்படவில்லை. "அந்தக் கிணறு எங்கட வாப்பா கட்டினது தம்பி. நான் பிறந்த வளவு அது" என்றார்.

1990 ஒக்டோபரில் அவர் அந்தக் கிணற்றில் கடைசியாகத் தண்ணீர் அள்ளியிருக்கிறார். பிறகு புத்தளத்தில் ஓலைக்குடிசை. இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வளவைக் காணவில்லை, காடுதான் நின்றது. 2017 மார்ச்சில் வந்த வர்த்தமானி இந்தப் பக்கத்தில் சுமார் 40,000 ஹெக்டேயரை மாவில்லு பேணற்காடு என்று ஆக்கியது. எல்லைக்கல் அவருடைய வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிற்கிறது.

திரும்பி வந்தவர்களில் ஒருவர்கூடத் தேவைக்கு மேல் மரம் வெட்டவில்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் 2015 இல் டீவியைப் போட்டால், முஸ்லிம்கள் வில்பத்துவை விழுங்கிவிட்டார்கள் என்றுதான் பேச்சு. அந்த ஊர்கள் வில்பத்து தேசிய பூங்காவுக்கு வெளியே இருந்தவை. ஒரு பழைய கிணற்றையாவது யாரும் காட்டினார்களா? அதேநேரம் இருபது வருடம் அந்த வளவில் குடியிருந்தது கரடிதான். அதற்கும் போக வேறு இடமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச ஏன் யாருக்கும் பொறுமையில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"கிணறு திரும்பக் கிடைச்சா கரடிய என்ன செய்வீங்க நானா?" என்று விஞ்ஞான சேர் கேட்டார்.

"பாலைமரத்தை வெட்டமாட்டன். பழக்காலத்தில நான் அந்தப் பக்கம் போகாம இருந்தா முடிஞ்சுது."

இரவு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரு ஷொப்பிங் பையை அவிழ்த்துக் காணிப் பத்திரத்தைக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கண்டிக்காரர் லென்ஸை மாற்றி அதையும் படம் எடுத்தார்.

போக விரும்புகிறவர்கள் பாலைப்பழம் முடிய முன் போங்கள். பேணற்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கவேண்டாம். கரடியைத் திடுக்கிட வைத்தால் முகத்தில்தான் பாயும். பொலித்தீன் ஒன்றும் போட்டுவிட்டு வராதீர்கள். நானாவின் நம்பர் வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.