கம்பை நகர்த்தியது யார்?

 

அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்று ராத்திரி பேரனோடு உட்கார்ந்து ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற பழைய நகைச்சுவைத் தொடர் பார்த்தேன். 1964 முதல் 1967 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. மூன்று மணி நேர உல்லாசப் பயணம் என்று படகில் கிளம்பிய ஏழு பேர் புயலில் சிக்கி, ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறார்கள். மொத்தம் 98 பகுதிகள்.

நாங்கள் பார்த்தது 1965-இல் வந்த பகுதி. அந்த ஏழு பேரில் ஒருவர் புரொஃபசர். எதற்கும் விடை வைத்திருப்பவர். அவர் தண்ணீரில் ஓர் அளவுக் கம்பை நட்டுப் பார்க்கிறார். நாளுக்கு நாள் தண்ணீர் மட்டம் ஏறுகிறது. "தீவு மூழ்கிக்கொண்டிருக்கிறது" என்கிறார். எல்லோருக்கும் கிலி பிடித்துவிடுகிறது.

கடைசியில் பார்த்தால் தீவு இருந்த இடத்திலேயே இருக்கிறது! வெகுளிப் பையன் கில்லிகன், சிங்கி இறால் பிடிக்கும் இடத்துக்கு அடையாளமாக அதே கம்பைப் பிடுங்கி ஆழமான பக்கம் நட்டுக்கொண்டே போயிருக்கிறான்.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பல வருடங்களுக்கு முன்னால், பிளஸ் டூ இயற்பியல் செய்முறை வகுப்பு. தனி ஊசல் சோதனை. 'ஜி' மதிப்பு 9.8 வர வேண்டும். ஒரு பையனுக்கு மட்டும் 10.2 வந்தது. திரும்பச் செய்யச் சொன்னேன். மறுபடியும் 10.2. "கவனம் எங்கேடா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் திட்டி, அவன் நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

வருடக் கடைசியில் சாமான்களைச் சரிபார்க்கும்போது அந்த மேஜையின் மர ஸ்கேலைக் கையில் எடுத்தேன். ஒரு முனையில் இரண்டு சென்டிமீட்டர் உடைந்து போயிருந்தது. அந்த முனையிலிருந்து அளந்தால் 50 சென்டிமீட்டர் நீளம் 52 என்று காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக 10.2.

அப்படியானால் அதே ஸ்கேலை வைத்து 9.8 கொண்டுவந்த மற்றவர்கள்? விடை தெரிந்துகொண்டு கணக்கை அதற்கேற்ப எழுதியவர்கள். அவர்களுக்கெல்லாம் 'குட்' போட்டது நான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவன் ஒருவன்தான், அவனைத்தான் திட்டினேன்.

அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்ற கௌரவம் தடுத்தது.

தம்பி, இதை நீ படித்தால் உனக்கே புரியும். அன்றைக்கு உன் கணக்கு சரி. நான்தான் ஸ்கேலைப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளையின் விடை தப்பாகத் தெரிந்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஸ்கேலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்