இறங்கிய முள்

மாங்குளம் வரை முள் நடுக்கோட்டில்தான் நின்றது. அதற்குப் பிறகு ஏறத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தேன், இறங்கியது. பரந்தனில் திரும்பவும் ஏறியது. ஆனையிறவைத் தாண்டும்போது சிவப்புக் கோட்டைத் தொடப்போன முள் திடீரென்று அடிக்கு விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ், ஆறிட்டுது" என்று பின்னாலிருந்த உம்மாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் விளங்கியது.

கார் பழைய நிசான் சன்னி. புத்தளத்தில் இரண்டு கராஜ்களில் காட்டியிருந்தேன். ஒருவர் மீற்றர் பிழை என்றார். மற்றவர் தண்ணீரைப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓடச் சொன்னார். அப்படியே ஓடினேன். சோனகத் தெருக் காணிக்கு உம்மா நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. பிற்போட முடியாத பயணம்.

செம்மணியில் முள் மறுபடி துள்ளியது. வீதியோரம் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் கொழும்புத்துறையில் ஒரு கராஜ் இருப்பதாகச் சொல்லி, முன்னால் ஓடி வழிகாட்டினார். ஒரு காலத்தில் பூநகரிக்கு வள்ளம் போன துறை அது. கடல்நீரேரிக் காற்றில் தகரக் கூரை அடித்துக்கொண்டிருந்தது. காரை நிறுத்தியதும் போனெற்றின் ஓரத்தால் ஆவி கிளம்பியது. நான் துணியொன்றை எடுத்துக்கொண்டு றேடியேற்றர் மூடிக்குக் கை வைக்கப் போனேன்.

"தம்பி, கையை எடுங்கோ! முகம் அவிஞ்சு போம். முதல்ல ஆறட்டும்."

அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். உம்மாவை உள்ளே மனைவியிடம் அனுப்பிவிட்டு என்னைக் கேள்வி கேட்டார். நிற்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா? நிற்கும்போது என்றால் காற்றாடியில் பிழை. வேகத்தில் என்றால் றேடியேற்றர் அடைப்பு. லைற் போடும்போது துள்ளினால் வயர். ஆனையிறவில் முள் விழுந்ததைச் சொன்னேன்.

"விழுந்தோண்ண சந்தோசப்பட்டிருப்பியளே?"

"ஓம் அண்ணை."

"அதுதான் ஆபத்து. சூட்டை அளக்கிற சென்சர் தண்ணிக்குள்ள தாண்டு இருக்கோணும். தண்ணி குறைஞ்சு அதைச் சுத்திக் காத்தும் ஆவியும் நிண்டா, அதுக்குச் சூடு சரியாத் தெரியாது. முள்ளு இறங்கும். எஞ்சின் எரிஞ்சுகொண்டிருக்கும்."

முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் மூடியைத் திறந்தார். எண்ணெய்த் தடியை இழுத்துப் பார்த்தார். பால்தேத்தண்ணி நிறம் இல்லை. ஹெட் கஸ்கற் தப்பியிருந்தது. மூடியின் றப்பர் கல்லாகிப்போயிருந்ததைக் காட்டினார். 0.9 என்று பொறித்த அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால், 100 பாகையில் கொதிக்கவேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 வரை தாங்கும். பிடிக்காவிட்டால் கொதித்து வெளியேறும். அந்த இடத்தில் காற்று குந்திக்கொள்ளும். அடுத்ததாகத் தேமோஸ்ரற்றைக் கழற்றினார். அதன் மேல் வெள்ளைப் படை.

"இது எங்கட கிணத்துத் தண்ணிப் படை மாதிரியெல்லோ கிடக்கு. எந்த ஊர்த் தண்ணி ஊத்தினனீங்கள்?"

"புத்தளம்."

யாழ்ப்பாணத்திலிருந்து மேற்குக் கரையால் புத்தளம் வரைக்கும் ஒரே சுண்ணாம்புக்கல்தான் நிலத்துக்கடியில் ஓடுகிறது. எங்கள் வீட்டுக் கேத்தில்களில் படிந்ததும் இதே வெள்ளைதான். நாங்கள் இடம் மாறினோமே தவிர, தண்ணீர் மாறவில்லை. புத்தளம் என்றதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு முன்னம்?"

"சோனகத் தெரு."

அவர் ஒன்றும் பேசவில்லை. தேமோஸ்ரற்றை ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் குசினி அடுப்பில் வைத்தார். 82 பாகையில் திறக்கவேண்டிய வால்வு, தண்ணீர் கொதித்துக் குமிழியிட்ட பிறகும் பாதிதான் திறந்தது.

சட்டியைப் பார்த்தபடி, பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையைச் சொன்னார். சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். சாமான் கிடைக்காது என்றார். "கடையள் பூட்டுப்பட்டிட்டுது" என்று தொடங்கியவர் நிறுத்தினார். எந்தக் கடைகள் என்று இருவருக்கும் தெரியும். 1990 ஒக்டோபர் 30 அன்று எங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். வாப்பாவின் இரும்புக் கடைத் திறப்பு, புத்தளத்தில் அவர் மௌத்தாகும் வரை அவருடைய இடுப்பு பெல்ற்றில்தான் இருந்தது.

அவர் வேலையை முடிக்கும் வரை அந்தப் பேச்சு வரவில்லை. றேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார். புதிய மூடி, புதிய தேமோஸ்ரற் போட்டார். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி ஊற்றினார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டார். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. "அவசரப்பட்டு மூடினா உள்ளுக்க நிண்ட காத்து நிண்டபடிதான். வாறதெல்லாம் வரட்டும்" என்றார். இருபது நிமிடம் இருவரும் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசி நட்டை இறுக்கிய சாவியை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இந்தச் சாவிச் செற் 91 இல வாங்கினது. உங்கட ஆக்களின்ர கடைச் சாமானை எடுத்து மலிவா வித்தவங்கள். தெரிஞ்சுதான் வாங்கினனான். அப்ப பிழையாத் தெரியேல்ல, வேலைக்குச் சாமான் வேணுமெண்டதுதான் தெரிஞ்சுது."

சாவியை வாங்கிப் பார்த்தேன். பிடி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. யாருடைய கடையினது என்று சொல்ல அதில் அடையாளம் எதுவும் இல்லை. "பரவாயில்லை அண்ணை" என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனையிறவில் உம்மாவிடம் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கூலியை எண்ணி வாங்கினார். வாங்கியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

காரில் ஏறியதும் உம்மா கேட்டா: "அந்த மனிசன் என்ன சொன்னான்?"

சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

"முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒருத்தனெண்டாலும் வாய் திறந்தானே" என்றா. பிறகு, "திரும்பிப் போகக்குள்ள அந்தச் சாவியை நானும் ஒருக்காப் பார்க்கோணும்" என்றா.

சோனகத் தெரு வரைக்கும் முள் அசையவில்லை. என்றாலும் கையெழுத்து வைக்க உம்மாவை இறக்கிவிட்டு, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.